எத்தனை முறை தட்டினான்?

ரேடியோ என்று பெயர் வாங்கிய அந்த டிரைவர், பெட்டிகளை வாரி வாரி எறிந்துகொண்டிருந்தான்.

டைல்ஸ் பெட்டிகள். மற்ற நாளென்றால் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய கனம். இன்றைக்கு ஒற்றைக் கையால் பற்றி இழுத்து, எங்கே போய் விழுகிறது என்றுகூடப் பார்க்காமல் பின்னால் வீசினான். உடைந்தால் உடையட்டும். ஒவ்வொரு பெட்டியும் சிமெண்ட் தரையில் நொறுங்க நொறுங்க, அடியில் கிடந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தார். முதலில் ஒரு தோள். அப்புறம் சட்டைப் பை. அப்புறம் முகம்.

"மாமா, இதோ ஆச்சு. இதோ எடுத்துட்டேன். கண்ணைத் தொறந்து பாருங்க மாமா."

மாமா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். அந்தப் பார்வை ரேடியோவின் வாயில் நின்றது. பிறகு விலகி, பக்கத்தில் நின்ற இன்னொரு லாரியின் திறந்த கதவுக்குப் போனது. மறுபடி ரேடியோவிடம் வந்தது. உதடு ஏதோ சொல்ல அசைந்தது. சத்தம் வரவில்லை.

கடைக் கிடங்கின் காவலாளி ஓடி வந்தார். பக்கத்து லாரிக்காரரும் சேர்ந்துகொள்ள, மூன்று பேருமாக மூச்சைப் பிடித்து, கவிழ்ந்து கிடந்த ட்ராலியைப் புரட்டித் தள்ளினார்கள். அதன் இரும்புக் கைப்பிடி மாமாவின் வயிற்றை அழுத்திக் கிடந்தது.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, அசைக்காதீங்க" என்றார் காவலாளி. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனுக்கு மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பலகை பாதியிலதானேப்பா நிக்குது. அப்புறம் ஏன் ரெண்டு தட்டு தட்டின?"

ரேடியோவின் கை பெட்டியின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

*

ஊருக்கெல்லாம் அவன் பெயர் ரேடியோ. காலையில் சாவியைத் திருகும்போது தொடங்கும் பேச்சு, சாயங்காலம் சாவியைக் கழற்றும்போதுதான் நிற்கும். அவனோடு ஒரு நாள் வண்டியில் போன லோடுமேன்கள் மறுநாள் வேறு வண்டி கேட்டு ஓடினார்கள். தாக்குப் பிடித்தவர் ஒருவர்தான். அவனுடைய அக்காவின் கணவர்.

மாமாவைப் போல் கதை கேட்க ஆள் பிறக்க வேண்டும். வண்டியில் ஏறினதும் பாதையைப் பார்க்காமல், ரேடியோ பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அவன் சிரித்தால் சிரிப்பார். அவன் முகம் வாடினால் உச்சுக் கொட்டுவார். அவன் மூச்சு வாங்க நிறுத்தினால் ஒரே ஒரு சொல்: "அப்புறம்?" அந்த 'அப்புறம்'தான் ரேடியோவுக்கு டீசல்.

அக்காவுக்கு இதில் பொறாமை கலந்த ஒரு குறை உண்டு. "வீட்டுல நான் தொண்டை வறளக் கூப்பிட்டாலும் இந்த மனுஷன் திரும்ப மாட்டார். உன் கதைன்னா மட்டும் வாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார். என்ன மாயம்டா பண்ணின?" கல்யாணம் ஆன ஆண்கள் எல்லாருக்கும் வருகிற வியாதிதான் அது என்று ரேடியோ சொல்வான். மாமா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியாக "சரி சரி" என்பார். அதற்கும் அக்காவிடம் திட்டு விழும்.

அவர்கள் ஓட்டிய வண்டியின் பின்பக்கம் ஒரு இரும்புப் பலகை உண்டு. பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும். டிரைவர் கீழே நின்று அதை இயக்க வேண்டும். லோடுமேன் வண்டிக்குள். சரக்கு அடுக்கிய மரத்தட்டை ட்ராலியில் தூக்கி, கைப்பிடியைத் தன் பக்கமாக இழுத்தபடி, பின்னோக்கியே நடந்து பலகைக்கு வருவார். கண் முழுக்கச் சரக்கின் மேல்தான். அது சாய்ந்தால் போச்சு. முதுகுக்குப் பின்னால் இருப்பது பலகையா, வெறும் காற்றா என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது கீழே நிற்பவனின் கை. பலகை ஏறி வண்டித் தளத்தோடு சேர்ந்துவிட்டால் வண்டிச் சுவரில் இரண்டு தட்டு. வா என்று அர்த்தம். பலகை வரவில்லையென்றால் ஒரே தட்டு. நில்.

இந்தத் தட்டு வழக்கத்தைக் கொண்டுவந்ததே மாமாதான். மோட்டார் போடுகிற இரைச்சலில் ரேடியோ கத்திப் பார்ப்பான். "கத்தாத மாப்ள, தட்டு. உன் தொண்டையைக் கதைக்கு மிச்சம் வை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தட்டுதான். ஒரு நாளும் பிசகியதில்லை.

இன்றைக்கு?

ஆம்புலன்ஸில் மாமாவின் காலடியில் உட்கார்ந்து ரேடியோ தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் அவன் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தான். சொந்தக் கல்யாணத்துக்கே வழி தெரியாமல் போன டிரைவரின் கதை. கீழே நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் மாமாவுக்கு, மோட்டார் சத்தத்தையும் மீறி. பலகை பாதியில் குலுங்கி நின்றது ஞாபகம் இருக்கிறது. கை சுவருக்குப் போனதும் ஞாபகம் இருக்கிறது. கதையின் கடைசி வரிக்கு அவனே சிரித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. தட்டியது ஒன்றா, இரண்டா? அந்த இடத்தில் மட்டும் மனது வழுக்கியது.

மருத்துவ உதவியாளர் மாமாவின் ஷூவைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தார். கனமான புது ஷூ. அடியில் செங்கல் போல ரப்பர். கயிற்றில் இரட்டை முடிச்சு. "யாருங்க இப்படிக் கட்டினது?" என்று அலுத்துக்கொண்டு கத்திரியை எடுத்தார்.

கட்டியது அக்கா. மாமா வண்டிக்குள் எப்போதும் வெறுங்காலோடுதான் நிற்பார். செருப்பை ஏணியடியில் விட்டுவிட்டு ஏறுவார். கம்பெனி கொடுத்த ஷூவைக்கூட சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். "உள்ள சாமியா இருக்கு?" என்று ரேடியோ கிண்டல் செய்தால், "கால் பிடிமானம் மாப்ள" என்பார். போன வாரத்து மழையில் ஈரப் பலகையில் ஒரு முறை சறுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அக்கா அன்றைக்கே கடைக்குப் போய், இருப்பதிலேயே தடித்த அடி உள்ள ஷூவாகப் பார்த்து வாங்கி வந்துவிட்டாள். வண்டிக்குள்ளும் கழற்றக் கூடாது என்று தன் தலையில் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். தினமும் காலையில் வாசலில் குனிந்து அவளே முடிச்சுப் போட்டு அனுப்பினாள். அவிழ்த்தால் சாயங்காலம் தெரிந்துவிடும் இல்லையா. அந்த வாரம் முழுக்க மாமா வண்டிக்குள் கண் தெரியாதவரைப் போலத் தயங்கித் தயங்கி நடந்தார். புது ஷூ கடிக்கிறது போல என்று ரேடியோ நினைத்துக்கொண்டான்.

*

அக்கா தையல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் ரேடியோவைக் கண்டதும் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அங்கே இங்கே தடவிப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லையேடா?"

அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரி விட்டதும், டிரைவர் வேலைக்கு அனுப்பியதும் இந்தக் கைதான். அந்தக் கைக்கு அடியில் அவனால் நிற்க முடியவில்லை. தலையை ஆட்டினான்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. முதுகெலும்பு உடைந்திருக்கிறது, அதைக்கூடப் பிறகு பார்க்கலாம், உள்ளே ரத்தம் கசிகிறது, அதுதான் கவலை என்றார். ஒரு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்னொன்றைத் தாங்குவாரா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து சூப்பர்வைசர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பாதி நேரம் அவர் கண் போனில் இருந்தது. காவலாளி சொன்னதை அவர் அக்காவின் எதிரிலேயே சொல்லிவிட்டார். ரெண்டு சத்தம் கேட்டதாம். அடுத்தடுத்து. காவலாளிக்கு யார் மேலும் விரோதம் இல்லை, பொய் சொல்லும் ஆளும் இல்லை. டிரைவரின் கை தப்பா, லோடுமேனின் கால் தப்பா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள்.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். வண்டித் தொழிலாளியின் பெண்டாட்டிக்குத் தட்டுக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எத்தனை தட்டின?"

"அக்கா..."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஞாபகம் இல்லக்கா."

"கதை சொல்லிட்டு இருந்தியா?"

அவன் தரையைப் பார்த்தான். அதுவே பதிலாகிவிட்டது. அக்கா அவனை விட்டு நகர்ந்து, வராண்டாவின் அந்தக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அளவு நாடாவைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். இருவருக்கும் நடுவே காலி நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன.

ரேடியோவுக்கு அந்த நிமிடம் வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. தன் கை என்ன செய்தது என்று தெரிய வேண்டும். ஒரு தட்டு என்றால் அக்காவின் எதிரில் போய் நிற்கலாம். இரண்டு என்றால் எங்கேயும் நிற்க முடியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார்.

மறுநாள் பகலில் மாமாவுக்கு நினைவு திரும்பியது. நர்ஸ் முதலில் அக்காவை அழைத்துப் போனாள். பச்சை அங்கி, முகத்தில் மாஸ்க். கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தாள்.

"சாப்டியான்னு கேக்குறார். நான் என்ன கேட்டாலும் சரி சரிங்கறார்." மாஸ்க்குக்கு மேலே கண் நிறைந்திருந்தது. "இப்பவும் இந்த மனுஷன் நான் சொல்றதைக் காதுல வாங்கல பாரேன்." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பிறகு அவனைப் பார்க்காமலே சொன்னாள். "உன்னை வரச் சொன்னார். தனியா."

ரேடியோ உள்ளே போனான்.

வராண்டாவில் இருந்தவர்களுக்குக் கேட்டது நர்ஸின் குரல் மட்டும்தான். "ஏங்க, மாஸ்க்கைக் கழட்டக் கூடாது. போடுங்க முதல்ல." அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவன் வெளியே வந்தான். மாஸ்க் கையில் கசங்கியிருந்தது. அக்கா எழுந்து நின்றாள். சூப்பர்வைசரும் போனை இறக்கினார்.

"என்ன சொன்னார்?"

ரேடியோ வாயைத் திறந்தான். மூடினான். ஊரே வாயடைக்கச் சொன்னாலும் அடைக்காத வாய், ஒரு சொல்லுக்கு அப்படித் தவித்தது.

"ரெண்டுக்கா" என்றான். "ரெண்டுதான் தட்டினேன். ஞாபகம் வந்துடுச்சு."

அக்கா அறைவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அறைந்தால் தேவலை என்றிருந்தது. அவள் அதைக்கூடச் செய்யவில்லை. ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னாள். "உன் வாய்தான்டா. அந்த வாய்தான் அவரைத் தள்ளி விட்டுருக்கு."

அன்று சாயங்காலம் இருட்டுவதற்குள் மாமா போய்விட்டார்.

*

தப்புக்கு ஒரு சொந்தக்காரன் கிடைத்ததில் கம்பெனிக்கு நிம்மதி. ரேடியோவிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை கம்பெனிக் கிடங்கைப் பெருக்கச் சொன்னார்கள். பெருக்கினான். உடைந்த மரத்துண்டு, பிளாஸ்டிக் தாள், அறுந்த நாடா. யாரோடும் பேச்சில்லை. முதல் வாரம் சிலர் "என்ன ரேடியோ, ஸ்டேஷன் கிடைக்கலையா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். பிறகு அவர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள்.

காரியம் நடந்த வீட்டின் வாசலில் அக்கா அவனை நிறுத்தி வைத்திருந்தாள். கத்தவில்லை, சபிக்கவில்லை. "உள்ள வராத" என்றாள், அவ்வளவுதான். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

அவள் ஒரு நாள் கிடங்குக்கு வந்தாள்.

நல்ல வெயில் நேரம். வண்டிகள் பின்பக்கத்தைக் காட்டி வரிசையாக நின்றன. எங்கோ ஒரு வண்டியின் பலகை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. அக்காவின் தோள் ஒரு முறை குலுங்கியது. அளவு நாடா இல்லாத கழுத்தோடு, இளைத்துப்போய், அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அவர் ஷூ உன்கிட்டயா இருக்கு?"

ரேடியோ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். "ஆஸ்பத்திரில தொலைஞ்சு போச்சுக்கா."

"பொய் சொல்லாத. சட்டை, வாட்ச் எல்லாத்தையும் உன் கையிலதான் குடுத்ததா சொல்றாங்க. ஷூ மட்டும் எங்க போகும்?"

"அது எதுக்குக்கா உனக்கு? கயித்தை வேற வெட்டிட்டாங்க."

"எதுக்கா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் சொல்லி அந்த மனுஷன் காதுல வாங்கினது அது ஒண்ணுதான்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பேச்சு எதையாவது கேட்டிருக்காரா? இதை மட்டும் கேட்டார். கடைசி வரைக்கும் கழட்டல. நான் கட்டின முடிச்சு அப்படியே இருந்துச்சாமே, ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். வெறுங்காலோட போயிருந்தா எப்பவோ வழுக்கி விழுந்திருப்பார். நான் பார்த்துப் பார்த்து அவர் காலைக் காப்பாத்தி வச்சிருந்தேன்..."

அவள் கையை நீட்டினாள்.

ரேடியோ உள்ளே போனான். தன் அலமாரியின் அடித்தட்டில், பழைய சாக்குக்குள் சுற்றி, மேலே கையுறைகளைப் போட்டு மூடி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தான். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள். தடித்த அடியில் ஒட்டியிருந்த டைல்ஸ் தூளை விரலால் துடைத்தாள். அறுந்த கயிற்றின் முனையில் அவள் போட்ட இரட்டை முடிச்சு அவிழாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் ஆறியது. செய்ய வேண்டியதைக் குறை வைக்காமல் செய்துவிட்டோம் என்கிற ஒரு சின்ன ஆறுதல். அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். நாலடி போய் நின்றாள்.

"அன்னைக்கு உன்கிட்ட தனியா என்னடா சொன்னார்?"

"உன்னைப் பார்த்துக்கச் சொன்னார்."

"நீயா?" என்றாள் அக்கா. அவ்வளவுதான். வெயிலில் நடந்து, வாசல் தாண்டி, கண்ணுக்கு மறைந்தாள். இனி வர மாட்டாள் என்று ரேடியோவுக்குத் தெரியும்.

அவன் துடைப்பத்தை எடுத்தான். பெருக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அன்றைக்குக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், "நான் எத்தனை தட்டினேன் மாமா?" என்று அவன் கேட்டிருந்தான். மாஸ்க்குக்குள்ளிருந்து, அழுகையோடு. மாமா கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, அவன் மாஸ்க்கை இறக்கச் சைகை காட்டினார். அவன் இறக்கினான். மறுபடி கேட்டான். மாமா அவன் உதட்டையே பார்த்தார், வண்டியில் கதை கேட்கும்போது பார்ப்பாரே, அதே போல.

"ஒண்ணு" என்றார். "நீ ஒண்ணுதான் தட்டின மாப்ள. ரெண்டாவது, பக்கத்து லாரிக்காரன் தொறந்த கதவு. நம்ம வண்டியில வந்து இடிச்சுது. விழும்போது பார்த்தேன், கதவு ஆடிக்கிட்டு இருந்துச்சு."

"அது கதவுச் சத்தம்னு உங்களுக்குத் தெரியாதா மாமா? கேக்கலையா?"

மாமா சிரித்தார். வலியில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"காது போய் ரொம்ப நாளாச்சு மாப்ள. தெரிஞ்சா வண்டியில ஏத்த மாட்டாங்களே. அவகிட்டகூடச் சொல்லல. உன் கதை ஒண்ணுகூட எனக்குக் கேட்டதில்ல. வாயைப் பார்த்துப் பாதி புரியும், மீதிக்கு நீ சிரிச்சா நானும் சிரிப்பேன். தட்டு மட்டும் தப்பாது. உள்ளங்காலுக்குத் தெரியும். உன் கை எது, கதவு எது, ரோட்டுல போற பஸ்ஸு எது, எல்லாம் தரை சொல்லிடும்."

மூச்சுக்காக நிறுத்தினார். ரேடியோ அவர் கையைப் பிடித்திருந்தான்.

"என் மேல போட்டுடு. அசந்துட்டேன்னு சொல்லிடு. ஆனா இதை அவகிட்டச் சொல்லிடாத மாப்ள. அந்த ஷூ போட்டப்புறம் கை, கதவு எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருந்துச்சு."